மறைந்தவர்களுக்கு நாள் குறிப்பவர்கள்

சுன்னாகத்தில் 1854இல் பிறந்த அ. குமாரசுவாமிப் புலவர், 1916இல் ‘தமிழ்ப் புலவர் சரித்திரம்’ என்ற நூலை வெளியிட்டார். தமிழகத்துப் புலவர்களோடு ஈழத்துப் புலவர்களின் வாழ்க்கையும் அதில் உண்டு. அடுத்த ஆறு ஆண்டில் அவரும் மறைந்தார். அவர் எழுதிய பழைய புலவர்கள் பலருக்குப் பிறப்புப் பதிவு இல்லை, படம் இல்லை, கல்லறை இல்லை. அப்படியிருக்க, பல நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு புலவரின் காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் துப்பு நூலின் வாசலிலேயே கிடக்கும். பழைய இலக்கண நூல்களுக்கு முன்னே சிறப்புப்பாயிரம் என்ற பகுதி நிற்கும். ஆசிரியர் யார், நூல் எதன் வழி வந்தது, எங்கே வழங்குகிறது, யார் கேட்டார்கள் என்று எட்டுச் செய்திகளை அது சொல்ல வேண்டும் என்பது நன்னூல் விதி. அதுவும் செய்யுளாகவே வரும். இங்கேதான் நுட்பம் இருக்கிறது. நம் ஈரக் காற்றிலும் பூச்சியிலும் ஓலை சில நூறு ஆண்டே தாங்கும். பிறகு படியெடுத்தாக வேண்டும். உரைநடையில் ஒரு சொல் விடுபட்டால் தெரியாது. செய்யுளில் ஒரு சீர் விழுந்தால் தளை, அதாவது சீருக்கும் சீருக்கும் இடையிலான ஓசைக் கட்டு, முறிந்துவிடும். பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். அனுப்பிய செய்தி சிதைந்ததா என்று பார்க்க இன்றைய கணினிகள் கூடுதல் எண்களைச் சேர்த்து அனுப்புகின்றன. யாப்பு அதே காவலை எழுத்தாணிக் காலத்திலேயே செய்தது.

நன்னூலையே எடுத்துக்கொள்வோம். அதன் பாயிரம், நூலாசிரியர் பவணந்தியை எழுதச் சொன்னவன் சீயகங்கன் என்கிறது. அந்தச் சீயகங்கன் மூன்றாம் குலோத்துங்க சோழனின் கீழிருந்த சிற்றரசன் என்று கல்வெட்டுகள் சொல்கின்றன. குலோத்துங்கன் ஆண்டது 1178 முதல் 1218 வரை. ஓலையும் கல்லும் கைகோத்ததும் பவணந்தியின் காலம் நாற்பதாண்டு இடைவெளிக்குள் வந்து அடங்கிவிடுகிறது!

பாயிரம் இல்லாத இடத்தில் மேற்கோள் கைகொடுக்கும். ஓர் உரையாசிரியர் ஒரு பாட்டை எடுத்துக்காட்டினால், அந்தப் பாட்டு அவருக்கு முந்தியது. பாட்டே ஓர் அரசனைப் பெயர் சொல்லிப் பாடினால், அது அவனுக்கு முந்தியதாக இருக்க முடியாது. புலவர் இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே எங்கோ இருக்கிறார்.

பிறர் வாழ்வைத் தேடும் இந்த வேலைக்குத் தன் வாழ்வையே விலையாகக் கொடுத்தவர் ஒருவர் உண்டு. சீனத்தில், ஹான் பேரரசர் வூவின் அவையில் இருந்த சிமா சியென். தாம் தொடங்கிய வரலாற்றை முடிக்கும்படி அவர் தந்தை கி.மு. 110இல் சாகும் தறுவாயில் கேட்டுக்கொண்டார். பத்தாண்டுக்கு மேல் கழிந்தபின், பகைவரிடம் சரணடைந்த லீ லிங் என்ற தளபதிக்காகப் பரிந்து பேசிய குற்றத்துக்கு மரணதண்டனை வந்தது. மாற்று வழி ஆண்மை நீக்கம். கற்றவர்கள் அந்த அவமானத்தைவிடத் தற்கொலையே மேல் என்று நினைத்த காலம் அது. சிமா சியென் அவமானத்தைத் தேர்ந்துகொண்டார். சாவு எல்லோருக்கும் உண்டு, அதன் எடைதான் ஆளுக்கு ஆள் மாறும் என்பது அவர் எண்ணம். நூல் முடியாமல் செத்தால் தன் சாவுக்கு எடையே இல்லை என்று கருதினார். அந்த முடிவின் முன் நான் தலைவணங்குகிறேன்.

நூல் முடிந்தது. 130 இயல்கள், அவரே எண்ணிச் சொன்னபடி 5,26,500 எழுத்துகள். அன்று எழுதியது மூங்கில் சிம்புகளில். ஒரு சிம்புக்கு 30 எழுத்து என்றால் 17,500 சிம்புகளுக்கு மேல். ஒரு சிம்பு ஒரு சென்ரிமீற்றர் அகலம் என்று வைத்து அருகருகே பரப்பினால் 175 மீற்றர். நடந்து கடக்கவே இரண்டு நிமிடம் பிடிக்கும்.

அதில் அவர் தமக்கு 900 ஆண்டுக்கு மேல் முந்திய சாங் மன்னர்களின் வரிசையையும் எழுதியிருந்தார். அது கட்டுக்கதை என்று ஐயுற்றவர்கள் பலர். 1899இல் ஆமையோடுகளிலும் மாட்டெலும்புகளிலும் பொறித்த பழைய எழுத்துகள் அடையாளம் காணப்பட்டன. 1917இல் அறிஞர் வாங் குவோவெய் சிமா சியெனின் வரிசையை அவற்றோடு ஒப்பிட்டார். வரிசை பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

சிமா சியென் செய்த இன்னொரு காரியம் நமக்கு மிக நெருக்கமானது. ஒரு படியை மலையிலும் ஒரு படியைத் தலைநகரிலும் வைத்தார். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. இரண்டாம் படி இல்லாதவை திரும்பி வரவேயில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் ஓர் ஏட்டுக் கட்டோ பழைய அச்சுநூலோ கிடந்தால், நூல்களை மின்படியாக்கும் ‘நூலகம் நிறுவனம்’ போன்ற அமைப்புகளிடம் காட்டி மின்படி எடுத்துவையுங்கள். மூலம் உங்களிடமே இருக்கட்டும்.