கருத்தடை அறுவைக்குப் பின் நாய்ப் பராமரிப்பு

கருத்தடை அறுவைக்குப் பின் நாய்ப் பராமரிப்பு என்பது, கருப்பையும் சூலகங்களும் நீக்கப்பட்ட பெண் நாயை, அது வீடு திரும்பிய நேரம் முதல் காயம் ஆறும் வரை வீட்டில் கவனித்துக்கொள்ளும் முறையைக் குறிக்கும். காயடிக்கப்பட்ட ஆண் நாய்க்கும் இதன் பெரும்பகுதி பொருந்தும். எனினும் பெண் நாயில் வயிற்றுக் குழியே திறக்கப்படுவதால் அதற்குக் கூடுதல் கவனம் தேவைப்படுகின்றது. பெரும்பாலான நாய்கள் இரண்டு மூன்று நாட்களிலேயே பழைய துடிப்புடன் ஓடத் தொடங்கிவிடும். ஆனால் வயிற்றுச் சுவர் வலுப்பெற வாரக்கணக்கில் ஆகும். வீட்டில் நேரும் சிக்கல்களுள் பல, நலம் பெற்றது போன்ற தோற்றத்திற்கும் உண்மையான நலத்திற்கும் இடைப்பட்ட இந்த நாட்களில் ஏற்படுபவையே.

அறுவையின் தன்மை

நாய் முழு மயக்கத்தில் இருக்கும்போது, தொப்புளுக்குக் கீழே வயிற்றின் நடுக்கோட்டில் தோல் கீறப்படுகின்றது. இரு பக்கத்து வயிற்றுத் தசைகளும் வந்து சேரும் வெண்ணிறத் தசைநார்ப் பட்டை வழியே குழி திறக்கப்பட்டு, குருதிக்குழாய்கள் கட்டப்பட்ட பின் உறுப்புகள் நீக்கப்படுகின்றன. பின்னர் தசைநார்ப் பட்டை, தோலடித் திசு, தோல் ஆகியவை தனித்தனி அடுக்குகளாகத் தைக்கப்படுகின்றன. இந்தியாவில் நடுக்கோட்டிற்கு மாறாக விலாவிற்கும் இடுப்பிற்கும் இடையே பக்கவாட்டில் கீறும் முறையும் வழக்கில் உள்ளது. வெளியே தெரியும் தையல் தோலை மட்டுமே பிடித்திருக்கின்றது. குடலைத் தாங்கி நிற்பது கண்ணுக்குத் தெரியாத உள் தையலே. எனவே தோல் நன்றாக ஒட்டியிருப்பதைக் கண்டு உள்ளேயும் ஆறிவிட்டது என முடிவு செய்வது தவறாகும்.

காயம் ஆறும் விதம்

முதல் சில நாட்கள் அழற்சிக் காலம் ஆகும். குருதி உறைந்து, வெள்ளணுக்கள் காயத்தில் குவிந்து, சிதைந்த திசுக்களையும் நுண்ணுயிர்களையும் அகற்றுகின்றன. இக்காலத்தில் காணப்படும் இலேசான சிவப்பும் வீக்கமும் இயல்பானவை. மூன்றாம் நாளை ஒட்டி, கொலாசன் என்னும் புரத இழைகளை உண்டாக்கும் உயிரணுக்கள் காயத்திற்குள் நுழைகின்றன. இழைகள் முதலில் ஒழுங்கின்றி அமைந்து, பின்னர் பல மாதங்களில் இழுவிசையின் திசைக்கேற்ப மாற்றியமைக்கப்படுகின்றன.

ஒரு வாரம் ஆன தோல் காயத்தின் வலிமை இயல்பான தோலின் வலிமையில் ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே. மூன்று வாரத்தில் அது 20 விழுக்காட்டை ஒட்டியும், மூன்று மாதத்தில் 80 விழுக்காட்டை ஒட்டியும் உயர்கின்றது. முழு வலிமை ஒருபோதும் திரும்புவதில்லை. தசைநார்ப் பட்டையும் மெதுவாகவே வலுப்பெறும். அதுவரை சுமையைத் தாங்குவது தையல் நூல். இரண்டாம் வாரத்தில் தோல் தையல் அகற்றப்படும்போது காயம் மூடியிருக்கின்றது, அவ்வளவே. உள் அடுக்கிற்கு, பல வாரங்கள் வலிமை குன்றாமல் இருந்து பின்னர் தானே கரையும் நூல்கள் தேர்ந்தெடுக்கப்படுவதன் காரணமும் இதுவே.

முதல் 24 மணிநேரம்

மயக்க மருந்தின் தாக்கம் முழுவதும் நீங்க ஒரு நாள் வரை ஆகலாம். தள்ளாடுதல், முனகுதல், அழைத்தால் திரும்பாமை ஆகியவை அன்று மாலை வரை காணப்படும். மயக்கத்தின்போது உடல் வெப்பத்தை இழந்திருப்பதால், குளிர்ந்த மொசைக் தரையில் படுக்க விடாமல் சாக்கோ போர்வையோ விரித்து அதன்மேல் படுக்க வைக்க வேண்டும். இவ்விரிப்பு வழுக்குவதையும் தடுக்கின்றது. தண்ணீரைச் சிறிது சிறிதாகவே கொடுக்க வேண்டும். இரவு வழக்கமான அளவில் பாதி உணவு போதுமானது. ஒருமுறை வாந்தி எடுப்பது பெரிய கவலைக்குரியதன்று. மூச்சுக்குழாய்க்குள் செலுத்தப்பட்ட குழாய் தொண்டையை உறுத்தியிருப்பதால் இரண்டொரு நாட்கள் இலேசான இருமலும் இருக்கலாம். மலம் கழிக்க மூன்று நாட்கள் வரை ஆகலாம். ஆனால் ஒரு நாள் முழுவதும் சிறுநீர் கழிக்காவிடில் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

அரை மயக்கத்தில் இருக்கும் நாய், தான் நன்கு அறிந்தவரையே கடித்துவிடக்கூடும். சிறுவர்களை அன்று அதன் அருகில் விடாதிருப்பது நல்லது.

நடமாட்டக் கட்டுப்பாடு

பராமரிப்பில் கடினமான பகுதி இதுவே. 10 முதல் 14 நாட்கள் வரை ஓடுதல், தாவுதல், மாடிப்படி ஏறுதல், கட்டில் மீது குதித்தல் ஆகிய அனைத்தும் தடுக்கப்பட வேண்டும். சிறுநீர், மலம் கழிப்பதற்காக மட்டும் வாரில் பிடித்துச் சில நிமிடங்கள் வெளியே நடத்திச் செல்லலாம். கூண்டு இருப்பின் வசதி. இல்லாத வீடுகளில் ஒரு சிறு அறை போதும். முற்றத்தில் சங்கிலியால் கட்டிவைப்பது பாதுகாப்பான மாற்று வழி அன்று. தெருவில் பூனையோ வேறு நாயோ செல்லும்போது கட்டப்பட்ட நாய் பாய்ந்து இழுக்கையில் வயிற்றுச் சுவர் திடீரென இறுகி, உள் தையலின் மீது பெரும் விசை விழுகின்றது. வீட்டில் இரண்டாவது நாய் இருப்பின் பிரித்து வைக்க வேண்டும். விளையாட்டு ஒருபுறம் இருக்க, ஒன்றின் காயத்தை மற்றது நக்குவதும் உண்டு.

காயடிக்கப்பட்ட ஆண் நாயில் முன்பே உருவான விந்தணுக்கள் சில வாரங்கள் எஞ்சியிருக்கலாம் என்பதால், அதனை உடனே பெண் நாய்களுடன் பழக விடுதல் கூடாது.

நக்குதலும் கழுத்துப்பட்டையும்

நாயின் எச்சில் புண்ணை ஆற்றும் என்ற நம்பிக்கை பல நாடுகளில் உண்டு. எச்சிலில் நுண்ணுயிர் எதிர்ப்புப் பொருட்கள் சிறிதளவு உள்ளன என்பது உண்மையே. ஆனால் நாயின் வாயில் வாழும் பாக்டீரியாக்களும் அதே எச்சிலுடன் காயத்தில் சேர்கின்றன. சொரசொரப்பான நாக்கு புதிய திசுவை உரித்துவிடுகின்றது. முன்பற்கள் சில நிமிடங்களில் ஒரு வரிசைத் தையலையே பிரித்துவிட வல்லவை. அறுவையறையில் செய்த வேலை முழுவதும் ஓர் இரவில் வீணாவது இவ்வாறே.

இதனைத் தடுப்பதற்காக அணிவிக்கப்படும் கூம்பு வடிவப் பட்டை, இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில் அணியப்பட்ட அகன்ற கழுத்தணியை ஒத்திருப்பதால் எலிசபெத் பட்டை எனப் பெயர் பெற்றது. பட்டையின் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி நீண்டிருக்க வேண்டும். கழுத்திற்கும் பட்டைக்கும் இடையே இரு விரல்கள் நுழையும் இடைவெளி தேவை. முதல் நாள் நாய் கதவிலும் சுவரிலும் முட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டு இரக்கப்பட்டுக் கழற்றிவிடுவோர் பலர். பொதுவாக இரண்டு நாட்களில் நாய் பழகிக்கொள்ளும். தண்ணீர்க் கிண்ணத்தைச் சற்று உயரத்தில் வைத்தால் குடிக்க எளிதாகும். உணவு நேரத்தில் கழற்றினால், அருகில் அமர்ந்து பார்த்து மீண்டும் மாட்ட வேண்டும். இரவில் கழற்றுவது கூடாது.

காயத்தைக் கவனித்தல்

நாளுக்கு இருமுறை நல்ல வெளிச்சத்தில் காயத்தைப் பார்க்க வேண்டும். நாள்தோறும் ஒரு ஒளிப்படம் எடுத்து ஒப்பிட்டால் மாற்றங்கள் தெளிவாகத் தெரியும். மஞ்சள் பொடி, தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய் ஆகியவற்றைத் தடவுதல் கூடாது. காயத்தில் தங்கும் பொடி அழுக்கைச் சேர்க்கின்றது, எண்ணெய் நாயை நக்கத் தூண்டுகின்றது. வீட்டுக் கிருமிநாசினியும் ஹைட்ரஜன் பெராக்சைடும் புதிதாக உருவாகும் உயிரணுக்களையும் சேர்த்தே அழிக்கின்றன. தையல் அகற்றப்படும் வரை குளிப்பாட்டுதலும் கூடாது.

வெப்ப நாடுகளில் ஈக்கள் ஒரு தனிச் சிக்கல். இந்தியாவில் காணப்படும் ஒருவகைப் புண் ஈ, உயிருள்ள திசுவிலேயே முட்டையிடுகின்றது. ஒரு நாளுக்குள் பொரிந்து வரும் புழுக்கள் சதையைத் துளைத்து உட்செல்லும். ஈரக்கசிவும் துர்நாற்றமும் ஈக்களை ஈர்ப்பதால், கொசுவலை இடப்பட்ட சன்னல் உள்ள அறையில், உலர்ந்த விரிப்பில் நாயை வைத்திருப்பது சிறந்தது.

வலியும் மருந்துகளும்

நாய் வலியை உரக்க வெளிப்படுத்துவது அரிது. முதுகை வளைத்து நிற்றல், காயப் பகுதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தல், படுக்க இடம் மாற்றிக்கொண்டே இருத்தல், தொட்டால் விலகுதல் ஆகியவை வலியின் அடையாளங்கள். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட வலி அளவுகோல் இத்தகைய நடத்தைகளுக்கு மதிப்பெண் இடுகின்றது. அதன் சுருக்க வடிவில் 24 இற்கு 6 அல்லது அதற்கு மேல் வந்தால் கூடுதல் வலி மருந்து பற்றி முடிவு செய்ய வேண்டும் எனக் கொள்ளப்படுகின்றது.

மெலாக்சிகம், கார்ப்ரோஃபென் போன்ற மருந்துகளை நாயின் எடைக்கேற்ப மருத்துவர் குறித்துக் கொடுப்பார். மனிதருக்கான மாத்திரைகளைத் தாமாகக் கொடுப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். ஐபுப்ரோஃபென் இரைப்பையில் புண்ணையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும். அளவு மீறிய பாராசிட்டமால் கல்லீரலைத் தாக்கும். மருத்துவர் குறித்த மருந்துடன் இத்தகைய மற்றொன்றைச் சேர்த்துக் கொடுப்பது இன்னும் தீங்கானது. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து குறித்துக் கொடுக்கப்பட்டிருந்தால் நாய் சுறுசுறுப்பாகிவிட்டது என்பதற்காக இடையில் நிறுத்துதல் கூடாது.

உணவு

இரண்டாம் நாளிலிருந்து வழக்கமான உணவைக் கொடுக்கலாம். வேகவைத்த கோழி இறைச்சியும் சோறும் எளிதில் செரிக்கும். வெங்காயம் நாயின் செங்குருதி அணுக்களைச் சிதைக்கும் என்பதால் சாம்பார் சாதம் ஏற்றதன்று. கருத்தடைக்குப் பின் நாயின் ஆற்றல் தேவை குறைகின்றது, பசியோ கூடுகின்றது. காயம் ஆறிய பின் உணவின் அளவைக் குறைக்காவிடில் உடல் பருமன் ஏற்படும்.

ஆபத்து அறிகுறிகள்

ஈறுகள் வெளிறுதல் உட்குருதிப்பெருக்கைக் குறிக்கலாம். இயல்பான ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி விட்டால் 2 நொடிக்குள் நிறம் திரும்பும். வெளிறிய ஈறுடன் சோர்வு, வேகமான மூச்சு, வயிறு உப்புதல் ஆகியவை சேர்ந்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது. நாயின் இயல்பான உடல் வெப்பநிலை 38.3 முதல் 39.2 பாகை செல்சியசு வரை ஆகும். 39.5 பாகைக்கு மேல் நீடித்தாலும், சீழ், துர்நாற்றம், ஓயாத கசிவு, தொடர் வாந்தி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் மருத்துவரை நாட வேண்டும். காயத்தின் அடியில் மென்மையான, வலியற்ற வீக்கம் தோன்றினால் அது தேங்கிய திசுநீராக இருக்கலாம். மிகுதியாக ஓடியாடிய நாய்களில் இது அடிக்கடி காணப்படுவது. பெரும்பாலும் ஓய்விலேயே வற்றிவிடும். எனினும் உள் தையல் விட்டுக் கொழுப்போ குடலோ தோலுக்கடியில் பிதுங்குவதும் இதே தோற்றம் தரும் என்பதால் மருத்துவர் ஒருமுறை தொட்டுப் பார்ப்பது அவசியம்.

காயம் திறந்து குடல் வெளியே வந்துவிட்டால் அதனை உள்ளே தள்ள முயலக் கூடாது. உப்புநீர் மருந்தில் அல்லது தூய நீரில் நனைத்த துணியால் மூடி, வயிற்றைச் சுற்றித் துண்டு ஒன்றைக் கட்டி, நாய் கடித்துவிடாமல் தலையைப் பிடித்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். இந்நிலையிலும் விரைவாகக் கொண்டுவரப்படும் நாய்கள் பிழைப்பதுண்டு. உணவோ தண்ணீரோ கொடுத்தல் கூடாது, மறுபடியும் மயக்க மருந்து செலுத்த வேண்டியிருக்கும்.