ஆயுத பூஜைக்குப் பூசணி: கணக்கை வைகாசியில் தொடங்குங்கள்

ஆயுத பூஜைக்கு முந்தைய மூன்று நாட்கள் காரைக்குடி கடைவீதியில் வெள்ளைப் பூசணி குவிந்து கிடக்கும். பட்டறை, லாரி செட், அரிசி ஆலை, பெட்டிக்கடை என்று எல்லோருக்கும் அன்று ஒரு காயாவது வேண்டும். பூஜை முடிந்த மறுநாள் அதே காயைத் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது. திருஷ்டிப் பூசணி பயிரிடுகிறவருக்கு லாபமும் நட்டமும் இந்த மூன்று நாட்களில்தான் முடிவாகிறது. வலையபட்டி போன்ற செட்டிநாட்டு ஊர்களில் கிணறோ போரோ வைத்திருக்கும் சிறு விவசாயிகள், 10 சென்டில் இந்தச் சந்தையைப் பிடிக்க முடியும். அதற்கு நாள் கணக்கு தவறக்கூடாது.

ஆடிப்பட்டம் இதற்கு உதவாது

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது நம் வழக்கம். ஆனால் ஆயுத பூஜையைக் குறிவைக்கும் பூசணிக்கு அது பொருந்தாது. 120 நாள் ரகத்தை ஆடி முதல் நாளில் ஊன்றினாலும் காய் முற்றக் கார்த்திகை நெருங்கிவிடும். அதற்குள் பூஜையும் போயிருக்கும், வடகிழக்குப் பருவமழையும் வந்திருக்கும். ஈரத்தில் கிடக்கும் காய் அடிப்பக்கம் அழுகும்.

இன்னொரு சிக்கல், பூஜை நாள் ஆண்டுதோறும் மாறுவது. 2023இல் அக்டோபர் 23, 2024இல் அக்டோபர் 11, 2025இல் அக்டோபர் 1 என்று மூன்று ஆண்டுகளில் மூன்று வாரம் முன்னுக்கு வந்தது. அமெரிக்காவில் அக்டோபர் 31ஆம் தேதி ஹாலோவீன் பண்டிகைக்குப் பரங்கி பயிரிடுகிறவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரே தேதி. நமக்கு அப்படி இல்லை. போன ஆண்டு ஊன்றிய அதே நாளில் இந்த ஆண்டும் ஊன்றினால் ஏமாந்துபோவீர்கள்.

ஆகவே நாள்காட்டியை எடுத்து, பூஜை நாளிலிருந்து பின்னோக்கி 135 நாள் எண்ணுங்கள். 120 நாள் பயிரின் வயது. மீதி 15 நாள் அறுவடைக்கும் விற்பனைக்கும் கையிருப்பு. அக்டோபர் 1 பூஜை என்றால் மே 19இல் விதை ஊன்ற வேண்டும். அக்டோபர் 11 என்றால் மே 29. அக்டோபர் 23 என்றால் ஜூன் 10. மூன்றும் வைகாசிக்குள்தான் வருகின்றன.

ஒரு வாரம் முந்தினால் கவலை இல்லை. நன்றாக முற்றிய சாம்பல் பூசணி நிழலில் இரண்டு மாதம்கூடக் கெடாமல் இருக்கும். பிந்தினால்தான் இழப்பு. பூஜைக்கு 110 நாளுக்கும் குறைவாக இருக்கிறது என்றால், அந்த ஆண்டு திருஷ்டிப் பூசணியை விட்டுவிட்டு வேறு பயிரைப் பார்ப்பது நல்லது.

தண்ணீரை அளந்து நிலத்தை முடிவு செய்யுங்கள்

வைகாசி, ஆனியில் நம் கண்மாய்கள் வறண்டிருக்கும். செம்மண்ணும் சரளையும் கலந்த நிலத்தில் ஈரம் நிற்காது. எனவே எத்தனை சென்ட் என்பதை உங்கள் கிணறுதான் சொல்ல வேண்டும். 200 லிட்டர் டிரம் ஒன்றை மோட்டார் குழாய்க்கு அடியில் வைத்து, நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 10 சென்டுக்கு 120 குழி. குழிக்கு 15 லிட்டர் என்றால் ஒரு தடவைக்கு 1,800 லிட்டர், அதாவது ஒன்பது டிரம். காய் பிடிக்கும் நேரத்தில் இதைப்போல் இரண்டு மடங்கு தேவைப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை இவ்வளவு தண்ணீரைக் கிணறு தருமா? தராது என்றால் 5 சென்டோடு நிறுத்துங்கள். பாதியில் காயவிட்ட 10 சென்டைவிட நன்றாக நனைந்த 5 சென்ட் மேல்.

சொட்டுநீர் அமைத்தால் தண்ணீர் குறைவாகப் பிடிக்கும், களையும் குறையும். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் உண்டு. சிறு விவசாயி சான்றிதழுடன் தோட்டக்கலை அலுவலகத்தை அணுகலாம். விண்ணப்பித்த உடனே குழாய் வந்துவிடாது என்பதால் சில மாதம் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஆறுக்கு நாலு

10 சென்ட் முழுவதும் வெள்ளைப் பூசணியே போடாதீர்கள். 6 சென்டில் அதையும், 4 சென்டில் பரங்கியையும் போடுங்கள். பரங்கிக்கு ஒரே நாள் சந்தை கிடையாது. புரட்டாசி சைவச் சமையல், நவராத்திரி, தீபாவளி, கல்யாணப் பந்தி என்று வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக விற்கும். பூஜைச் சந்தை ஒரு ஆண்டு கைவிட்டாலும் போட்ட முதலில் ஒரு பகுதி இதில் திரும்பும்.

விதைக் கடையில் பெயரைத் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். வெறும் 'பூசணி' என்றால் சில ஊர்களில் பரங்கி விதையைக் கொடுத்துவிடுவார்கள். திருஷ்டிக் காய்க்குச் 'சாம்பல் பூசணி' என்று கேட்க வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 2 சாம்பல் பூசணி 120 நாள் வயதுடையது, காய் 3 கிலோ அளவில் இருக்கும். கையில் ஏந்திச் சுற்ற ஏற்ற அளவு இதுதான். கோ 1 பெரிய காய், சமையலுக்கும் அல்வாவுக்கும் போகும். பரங்கியில் கோ 2 ரகம் 135 நாள், காய் ஒன்றரை முதல் 2 கிலோ. முழுக்காயாக வீட்டுக்கு வாங்குகிறவர்கள் இந்த அளவைத்தான் விரும்புகிறார்கள். கோ 1 பரங்கி 175 நாள் பயிர் என்பதால் இந்தக் கணக்குக்கு ஒத்துவராது.

குழியும் உரமும்

சாம்பல் பூசணிக்கு 2 மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் இடைவெளியில் ஒன்றரை அடி நீள, அகல, ஆழமுள்ள குழி எடுங்கள். 6 சென்டுக்கு 80 குழி வரும். பரங்கிக்கு 2 மீட்டருக்கு 2 மீட்டர், ஓரடிக் குழி போதும். 4 சென்டுக்கு 40 குழி. விதைப்புக்கு இரண்டு வாரம் முன்பே குழி எடுத்து ஆறவிட்டால், வெயிலில் மண்ணில் உள்ள புழுவும் கூட்டுப்புழுவும் அழியும்.

குழிக்கு 10 கிலோ மக்கிய தொழு உரம், 6:12:12 கலப்பு உரம் 100 கிராம் இட்டு மேல்மண்ணுடன் கலக்க வேண்டும். 120 குழிக்கு 1,200 கிலோ தொழு உரம், 12 கிலோ கலப்பு உரம். மக்காத சாணத்தைப் போட்டால் கரையான் வரும். விதைத்த 30ஆம் நாள் குழிக்கு 10 கிராம் தழைச்சத்து, அதாவது 22 கிராம் யூரியா வைத்து நீர் பாய்ச்சவும்.

விதையைக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து நேர்த்தி செய்து, குழிக்கு 5 விதை ஊன்றுங்கள். 15ஆம் நாள் நல்ல செடி இரண்டை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். கொடி படர ஒரு மாதம் ஆகும். அதுவரை இடைவெளியில் தண்டுக்கீரை தூவினால் கைச்செலவுக்கு ஆகும்.

பூ நிறைய, பிஞ்சு இல்லையா?

முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. அடியில் குட்டிக் காய் ஒட்டியிருப்பது பெண் பூ. வெயில் கடுமையாக இருந்தால் ஆண் பூ இன்னும் கூடும். வைகாசிப் பட்டத்தில் இது எதிர்பார்க்க வேண்டியதே. இதைச் சரிக்கட்ட, இரண்டு இலைப் பருவத்தில் தொடங்கி வாரம் ஒருமுறையாக நான்கு தடவை எத்ரல் தெளிக்கலாம். பத்து லிட்டர் தண்ணீருக்கு 39 சத எத்திபான் சுமார் 6.5 மில்லி போதும். அளவு கூடினால் கொடி வளராமல் நின்றுவிடும்.

பூ விடியற்காலையில் விரிந்து முற்பகலிலேயே வாடிவிடும். தேனீ வருவது அந்தச் சில மணி நேரம்தான். காலையில் மருந்து தெளிப்பதும் காய்ப்பிடிப்பைக் கெடுப்பதும் ஒன்றே. எந்த மருந்தானாலும் மாலையில் தெளியுங்கள். தேனீ குறைவாக இருந்தால் 6 மணியிலிருந்து 8 மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, அதன் மகரந்தம் படும்படி பெண் பூவின் நடுவில் தடவுங்கள். இந்த அளவு தோட்டத்துக்கு அரை மணி நேர வேலை.

வண்டும் ஈயும்

முளைத்த முதல் இரண்டு வாரம் சிவப்பு வண்டு இலையைச் சல்லடையாக்கும். அதிகாலையில் வண்டு மந்தமாக இருக்கும்போது கையால் பிடித்து அழிக்கலாம். அடுப்புச் சாம்பல் தூவுவதும் பலன் தரும். இலையில் வெள்ளைப் பூச்சுபோல் சாம்பல் நோய் கண்டால் கந்தகத் தூளையோ தாமிரத் தூளையோ தூவாதீர்கள். பூசணிக் குடும்பத்தின் இலையை அவை கருக்கிவிடும்.

பெரிய எதிரி பழ ஈ. பிஞ்சில் முட்டையிட்டு, உள்ளே புழு வைத்து அழுக வைக்கும். கியூலூர் கவர்ச்சிப் பொறி இரண்டைப் பூக்கத் தொடங்கும்போதே கட்டிவிடுங்கள். விழுந்த, அழுகிய பிஞ்சை வரப்பில் எறியாமல் ஆழமாகப் புதையுங்கள். எறிந்தால் அதிலிருக்கும் புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, ஈயாகத் திரும்பி வரும். தேமல் விழுந்து இலை சுருங்கிய கொடியை உடனே பிடுங்கி எரியுங்கள். நச்சுயிரி நோய்க்கு மருந்து கிடையாது.

சாம்பல் கலையாமல் அறுங்கள்

காய் கிரிக்கெட் பந்து அளவு வந்ததும் அடியில் வைக்கோல் அல்லது காய்ந்த தென்னங்கீற்று வையுங்கள். மேலே வெள்ளைச் சாம்பல் முழுதும் படர்ந்தால் முற்றிவிட்டது. இரண்டு அங்குலக் காம்புடன் கத்தியால் அறுங்கள், திருகிப் பிடுங்க வேண்டாம். பூஜைக்கு வாங்குகிறவர் முதலில் பார்ப்பது காம்பையும் சாம்பலையும்தான். கழுவியோ துடைத்தோ அதைக் கலைத்தால் விலையும் போகும், இருப்புத் தன்மையும் போகும். காற்றோட்டமான கொட்டகையில் வைக்கோல் பரப்பி ஒரே அடுக்காக வையுங்கள். காயம் பட்டதைத் தனியே எடுத்துச் சமையலுக்குக் கொடுத்துவிடுங்கள். பரங்கிக்குத் தோலில் நகம் இறங்காமல், காம்பு காய்ந்து தக்கைபோல் ஆனால் அறுவடை.

செடிக்கு ஒரு நல்ல காய் என்று குறைத்தே கணக்கிடுங்கள். 80 குழியில் 160 திருஷ்டிக் காய். இதில் பாதிக்கு விதைக்கும்போதே வாங்குகிற இடத்தைப் பேசி வையுங்கள். பக்கத்துப் பட்டறை, ஆலை, கடைக்காரர்களிடம் சொல்லி வைத்தால் பூஜைக்கு இரண்டு நாள் முன்பு நேரே கொண்டுபோய்க் கொடுக்கலாம். மீதியைத் தெருவோர வியாபாரிக்கோ, அடையாள அட்டை இருந்தால் உழவர் சந்தையிலோ விற்கலாம். பூஜைக்கு முதல் நாள் மாலை வரை நல்ல விலைக்குக் காத்திருக்க வேண்டாம். அன்று இரவோடு சந்தை முடிந்துவிடும்.

மண் பரிசோதனைக்கும் ரக விதைக்கும் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தையோ, செட்டிநாட்டில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தையோ, உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரையோ சித்திரையிலேயே பாருங்கள். வைகாசி பிறக்கும்போது குழி ஆறியிருக்க வேண்டும், விதை கையில் இருக்க வேண்டும்.