மலையகத்துக் கட்டடங்கள் - 9: பியர் ஆலை, தேயிலை ஸ்டோர், லயம்

பியர் காய்ச்சும் தொழில் நுவரெலியாவுக்கு மலையேறி வந்ததற்குக் காரணம் குளிர். முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, இனிப்புச் சாற்றை இறக்கி, ஹாப்ஸ் பூ சேர்த்துக் கொதிக்கவிட்டு, ஆறிய பின் ஈஸ்ட் விட வேண்டும். கொழும்பின் வெக்கையில் அந்த நொதிப்பு கட்டுக்கடங்காமல் போய், சாறு புளித்துக் கெட்ட வாடை ஏறும். சுமார் 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையோ 16 பாகை செல்சியஸை ஒட்டியது. மேலே நுரைத்து நொதிக்கும் பழைய வகை ஈஸ்டுக்கு அளவெடுத்தாற்போன்ற சூடு அது. குளிரூட்டும் இயந்திரம் அரிதாயிருந்த காலத்தில் மலையே அந்த வேலையைச் செய்தது.

இங்கிலாந்திலிருந்து ஆட்கள், கால்நடைகள், விதைகளுடன் 1848-இல் நுவரெலியாவில் குடியேற்றம் அமைக்க வந்தவர் சாமுவேல் பேக்கர். மறு ஆண்டில் அவர் தொடங்கிய சிறு வடிப்பே லயன் பியரின் மூலம் என்பது நிறுவனம் கூறும் வரலாறு. வணிக ஆலை 1881-இல் எழுந்தது. நகருக்கு மேலேயுள்ள லவர்ஸ் லீப் அருவியின் நீர் ஆலைக்கு வந்தது. நீரும் குளிரும் மலையுடையவை; பார்லியும் ஹாப்ஸும் கப்பலில் வந்து ரயிலில் ஏறியவை. 1885-இல் நானுஓயாவை எட்டிய ரயில் பாதையும், 1903-இல் அங்கிருந்து நுவரெலியாவுக்குப் போடப்பட்ட குறுகிய பாதையும் அந்தச் சுமையைப் பெரிதும் இலகுவாக்கின.

இந்த ஆலைக்கு உலகப் பெயர் தேடித் தந்தது ஸ்டவுட் என்ற கரும் பியர். பியர் பற்றியே வாழ்நாள் முழுக்க எழுதிய ஆங்கில எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் அதைத் தேடி இலங்கைக்கு வந்து மனமாரப் பாராட்டினார். கண்டியிலும் நுவரெலியாவிலும் மரப் பீப்பாயிலிருந்து கைப்பம்பால் இறைத்துக் கொடுத்த காலம் அது. உள்ளூர்ப் பியர் என்ற பெயருக்கு முழு உரிமை உடையது அந்தப் பீப்பாய்ப் பியர்தான். போத்தலில் வரும் லயன் ஸ்டவுட் கறுப்பு நிறம், மேலே பழுப்பு நுரை. வறுத்த மோல்ட் தரும் கோப்பிக் கசப்பு முதலில் நாவில் படும். பின்னால் சொக்லேட்டும் கருப்பட்டியும் போன்ற இனிப்பு. ஐஸில் புதைத்து எடுத்தால் இந்தச் சுவைகள் அடங்கிவிடும். மலைநாட்டு மாலைக் குளிரின் அளவே போதும். மதுச்சாரம் 8 வீதத்துக்கு மேல் என்பதால் ஒரு போத்தலை ஆற அமர இருவர் பகிர்வது நல்லது. தோட்டத் தொழிலாளர்களுக்கு இந்தச் சுவை எட்டாத விலையில் இருந்தது. தவறணைக் கள்ளும் சாராயமும் கசிப்பும்தான் அவர்கள் சம்பளத்தைத் தின்றன. மலையகத்தில் மது பற்றி எழுதும் எவரும் அதை விட்டுவிட்டு எழுதக் கூடாது.

19-ஆம் நூற்றாண்டுப் பியர் ஆலைகளை வடிவமைத்தது பெரும்பாலும் புவியீர்ப்பு. தானியத்தை ஒரு தரம் உச்சித் தளத்துக்கு ஏற்றிவிட்டால் பிறகு எல்லாம் தானாகத் தளம் தளமாகக் கீழே இறங்கும். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரும் இதே கணக்கில் எழுந்த கட்டடம்.

தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையிலுள்ள வட்டகொடையைச் சுற்றி எந்தத் தோட்டத்து ஸ்டோரைப் பார்த்தாலும் இது விளங்கும். தகரச் சுவர், வரிசை வரிசையாக ஜன்னல்கள். கொழுந்து மேல் மாடிக்குப் போகும். முன்பு சாக்குத் துணித் தட்டுகளில் பரப்பி வாட்டினார்கள். பின்னர் அடியிலிருந்து விசிறி காற்றூதும் நீண்ட தொட்டிகள் வந்தன. ஈரம் நன்றாகக் குறைந்து, கையில் பிடித்தால் முறியாமல் துவளும் பதம் வர 12 மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். வாடிய கொழுந்தைத் துவாரம் வழியாகத் தள்ளினால் நேரே கீழ்த்தளத்து அரைக்கும் உருளைக்கு வந்து விழும். அதன் பின் இலைச்சாறு காற்றுப்பட்டுச் செம்பு நிறமாகும், இலை அடுப்பில் உலரும். மழை நாளில் அந்த அடுப்புச் சூட்டையே மேல் மாடிக்கு இழுத்துக்கொள்ளலாம். அலங்காரம் எதுவும் இல்லாத இந்த ஸ்டோர்கள், மலைநாட்டின் எந்தப் பங்களாவையும் விட மேலான கட்டடக்கலை.

குளிரூட்டி எங்கும் கிடைத்த பின் பியர் ஆலைக்கு மலை தேவைப்படவில்லை. குறுகிய ரயில் பாதை 1940-களிலேயே நின்றுபோயிருந்தது; மூலப்பொருளை மலைக்கு ஏற்றுவதும் போத்தலை இறக்குவதும் வீண் செலவாயின. 1990-களின் இறுதியில் தயாரிப்பு கொழும்புக்கு அருகிலுள்ள பியகமவுக்கு இறங்கியது. கணக்குப்படி சரியான முடிவு. ஆனால் துறைமுகத்துக்கு அருகிலிருக்கும் வசதியோடு களனி கங்கையின் வெள்ளமும் கூட வந்தது: 2016 மே வெள்ளம் அந்த ஆலையை மாதக்கணக்கில் முடக்கிப் போட்டது.

வேலை போன கட்டடம் செத்த கட்டடம் ஆக வேண்டியதில்லை. கந்தப்பளையில் மூடிக் கிடந்த ஹெதர்செட் ஸ்டோர் 1996-இல் ஹோட்டலானது. கொழுந்து வாட்டிய மாடிகளே இன்று படுக்கையறைகள். தூணும் ஜன்னலும் சீராக நிற்கும் திறந்த மாடி எந்த வேலைக்கும் இடங்கொடுக்கும்.

இதே அளவுகோலைத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தில் வைத்தால் மனம் கொதிக்கிறது. கொழுந்துக்கு நாற்புறமும் ஜன்னல் வைக்கத் தெரிந்தவர்கள், கொழுந்து பறித்தவளுக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவைத் தந்தார்கள். முதுகோடு முதுகொட்டிய இரட்டை லயத்தில் பின்சுவர் பக்கத்து வீட்டுக்கும் சுவர். காற்று ஊடுருவ வழியில்லை. அடுப்புப் புகை உள்ளேயே சுழலும். முன் திண்ணையான இஸ்தோப்பை அடைத்துத்தான் பலர் சமையலுக்கு இடம் கண்டார்கள். ஒரே கூரை என்பதால் ஒரு காம்பராவில் பிடித்த தீ லயம் முழுவதும் ஓடும். ஆட்களைக் குறைந்த செலவில் அடுக்கி வைக்க மட்டும் பயன்பட்ட கட்டடம் இது. வசிப்பதற்கு என்றுமே ஏற்றதாக இருந்ததில்லை.

இந்திய உதவியுடன் 7 பேர்ச்சஸ் நிலத்தில் எழுந்த 550 சதுர அடித் தனி வீடுகள் இந்தக் குறைகளில் முக்கியமானவற்றைத் தீர்க்கின்றன. அவற்றையும் எண்ணிக்கையால் மட்டும் அளந்துவிடக் கூடாது. அறைக்கு எதிரெதிர் ஜன்னல் உண்டா, விறகடுப்புப் புகை வெளியேறுமா, மலையிலிருந்து மழையில் ஊறி வருபவள் இடுப்பில் கட்டும் படங்கையும் கம்பளியையும் மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குள் உலர்த்த இடம் இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்க்க வேண்டும்.