நாளும் நேரமும்: தரவுத்தளம் கற்பிக்கும் ஒழுங்கு

காலத்தைக் குறித்துவைக்கும் வழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. திருவண்ணாமலைக் கோயிற் கல்வெட்டுகளுள் சோழர் காலத்தவை மன்னனின் ஆட்சியாண்டைச் சுட்டும். விசயநகரக் காலத்தவை சக ஆண்டோடு அறுபதாண்டு வட்டத்தின் பெயரையும் சுட்டும். இவ்விரண்டும் சேர்ந்து நிற்பதற்குத் தக்க காரணம் உண்டு. ‘தாது’ என்று மட்டும் சொன்னால், பெரும் பஞ்சம் தொடங்கிய 1876ஆ, 1936ஆ, 1996ஆ என்பது விளங்காது. சக ஆண்டு உடன் நின்றால் ஐயம் அகலும். 1999ஆம் ஆண்டின் இறுதியில் கணிப்பொறி உலகம் அஞ்சிய இடரும் இத்தகையதே. ஆண்டை ஈரிலக்கத்தில் எழுதியமையால் 1900, 2000 ஆகிய இரண்டும் ‘00’ என்றே நின்றன.

இன்று வங்கி, மருத்துவமனை, பல்கலைக்கழகம் முதலியவற்றின் ஆவணங்கள் தரவுத்தளங்களில் அட்டவணைகளாக வாழ்கின்றன. அவற்றிலிருந்து வேண்டியதைக் கேட்டுப் பெற உதவுவது எஸ்.க்யூ.எல். என்னும் வினவுமொழி. 1970களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் தோன்றிய இம்மொழிக்கு 1992இல் வெளியான தரநிலை, தேதிக்கும் நேரத்திற்கும் தனித் தரவினங்களை வகுத்தது. இவற்றைக் கையாள்வதில் நினைவிற் கொள்ளத்தக்க நெறி ஒன்றுண்டு: சேமிக்கும் முறை வேறு, காட்டும் முறை வேறு.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 2025ஆம் ஆண்டின் கார்த்திகைத் தீபம் டிசம்பர் 3 அன்று ஏற்றப்பட்டது. அதனை ‘03-12-2025’ என வெறும் எழுத்துச் சரமாகச் சேமித்தால் இரு தீங்குகள் விளையும். அமெரிக்க வழக்கினர் அதனை மார்ச் 12 என்று படிப்பர். வரிசைப்படுத்தினாலோ, ‘14-04-2025’ என்னும் சித்திரைத் திங்கள் முதல் நாளுக்கு முன்னே தீபம் வந்து நிற்கும். ஏனெனில் கணிப்பொறி இடப்புற எழுத்திலிருந்தே ஒப்பிடுகிறது. ஆண்டு, மாதம், நாள் என்று பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கும் ‘2025-12-03’ என்னும் பன்னாட்டு முறையில் இவ்விரு குறைகளும் இல்லை. ஆயினும் தேதிக்குரிய தரவினத்தில் சேமிப்பதே சாலச் சிறந்தது.

காட்டும்போது நம் விருப்பம்போல் வடிவமைக்கலாம். ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் ஆகியவற்றில் இதற்கு உதவுவது ‘டூ_சார்’ என்னும் செயற்கூறு; மைசீக்வலில் ‘டேட்_ஃபார்மேட்’. முன்னதில் மாதத்திற்கு ‘எம்எம்’, நிமிடத்திற்கு ‘எம்ஐ’ என்பன குறியீடுகள். நிமிடத்தின் இடத்தில் மாதக் குறியீட்டை இட்டால், டிசம்பர் மாதத்தில் 10:45 என்பது 10:12 என அச்சாகும். கணிப்பொறி பிழை காட்டாது, படிப்பவரும் ஐயுறார். இவ்வகைத் தவறு கொடியதாவது இதனாலேதான்.

நேர வேறுபாடு இன்னும் நுட்பமானது. பௌர்ணமி இரவில் கிரிவலம் புறப்பட்டவர், மலையின் மறுபுறத்து அடி அண்ணாமலையை 5ஆம் தேதி நள்ளிரவு கடந்து 12:30 மணிக்கு அடைகிறார் என்று கொள்வோம். அங்குள்ள முதலுதவி முகாம் அவர் வருகையைப் பதிவு செய்கிறது. பல தரவுத்தளங்கள் உலகப் பொது நேரத்தில் சேமிப்பன. இந்திய நேரமோ அதனினும் ஐந்தரை மணி முந்தியது. எனவே பதிவில் நிற்பது 4ஆம் தேதி மாலை 7 மணி. இந்திய நேரத்திற்கு மாற்றாமல் நாள்வாரியாக எண்ணினால், நள்ளிரவு முதல் காலை ஐந்தரை வரை வந்தோர் அனைவரும் முந்தைய நாளின் கணக்கில் சேர்வர்.

நாள் எப்போது தொடங்குகிறது என்பதிலும் வழக்குகள் வேறுபடும். ஹிஜ்ரி நாள் கதிரவன் மறைவிலும், பஞ்சாங்க நாள் கதிரவன் உதயத்திலும், ஆங்கில நாள் நள்ளிரவிலும் தொடங்குகின்றன. கணம் ஒன்றே, அதற்கு நாம் சூட்டும் பெயர்களே பல. அக்கணத்தை ஐயமின்றிச் சேமித்தால், எந்தப் பெயரிலும் காட்ட முடியும்.

இது கணிப்பொறியாளர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. மாணவர் ஒருவரின் பிறந்தநாள் 05-08 என்றிருப்பது மே 8 எனப் பதிவானால், வயது வரம்புள்ள பணிவாய்ப்பு ஒன்றை அவர் மூன்று மாத வேறுபாட்டால் இழக்கக்கூடும். விண்ணப்பம் நிரப்பும் கையும் வினவல் எழுதும் கையும் ஒரே விழிப்புடன் இயங்க வேண்டும். ஆட்சியாண்டோடு அமையாது சக ஆண்டையும் கல்லில் பொறித்தவர் காட்டிய விழிப்பும் அதுவே.