கீரையும் காராமணியும்

உடம்புக்கு நல்லதைச் சாப்பிடணும்னா, பழகின ருசியை விட்டுடணுமா நேயர்களே?

தேவையே இல்லைங்கிறாங்க அமெரிக்காவில், பாஸ்டன் நகரத்து ஓல்ட்வேஸ் அமைப்பினர். ஆப்பிரிக்க வம்சாவளி மக்களுக்காக அவங்க உருவாக்கின 6 வாரச் சமையல் வகுப்புல, முன்னோர் சாப்பிட்ட கீரையும் காராமணியும் சிறுதானியமும்தான் பாடம்.

அங்கே கொலார்டு கீரைன்னா, உப்பிட்ட பன்றி இறைச்சியோட ரொம்ப நேரம் வேகவிடுறது வழக்கம். வகுப்பிலோ வெங்காயம், பூண்டு வதக்கி, கீரையைப் போட்டு, பச்சை நிறம் மாறுறதுக்குள்ள இறக்கிடுறாங்க. மசாலா மணக்குறதால உப்பைக் குறைச்சாலும் ருசி குறையறதில்லை. பத்திய சாப்பாடுன்னு யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க!

இன்னொரு சேதி: நம்ம வீட்டுக் கம்பும் காராமணியும்கூட, ஒரு காலத்துல ஆப்பிரிக்காவிலிருந்து நம்ம நாட்டுக்கு வந்து சேர்ந்தவைதான்.