வினாவும் தலைமையும்

தலைமை என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுபவர் ஆணையிடுபவரே. வினாவுபவரை மாணவர் என்போம், தலைவர் என்னோம். மலைநாட்டில் இவ்வெண்ணம் ஆழ வேரூன்றியது. பெரட்டுக் களத்திலே துரையும் கங்காணியும் கட்டளையிட, தொழிலாளர் பணிந்து சென்ற வரலாறு நம்முடையது. அங்கு மறுவினா எழுப்பியவர் துடுக்கர் எனப்பட்டார். இவ்வெண்ணத்தின் குறையை ஈண்டு ஆராய்வாம்.

நன்னூலார் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாக வகுத்தார். விடையைத் தாம் அறிந்திருந்தும் மாணவனைச் சோதித்தற்கு ஆசிரியர் கேட்பது அறிவினா. “கொழுந்து நிறுத்தாயிற்றா?” எனக் கேட்டு வேலையை முடுக்குவது ஏவல்வினா. அதிகாரத்திலிருப்போர் நாவில் இவ்விரண்டுமே மிகுதியும் வழங்கும். இவை கேட்பவரது அறிவைத் தினைத்துணையும் கூட்டா. அறியாததை அறியக் கேட்கும் அறியாவினாவும், ஐயந் தெளியக் கேட்கும் ஐயவினாவுமே அறிவைக் கூட்டுவன. ஆயின், அவற்றைக் கேட்பவர் “யான் அறியேன்” என முதற்கண் ஒப்புதல் வேண்டும். தலைவர்க்கு அரியது அவ்வொப்புதலே.

அவ்வரிய பண்பைக் கோ. நடேசய்யரிடம் காண்கிறோம். தஞ்சாவூரிலிருந்து இலங்கை வந்த அவர், அயலார் நுழைதற்கரிய தோட்டங்களுக்குள் துணி வியாபாரியாய் வேடம் பூண்டு சென்றார். தொழிலாளர் நிலையை அறிக்கைகளிற் படித்தறிவதோடு அமையாது, லயத்து வாயிலிலேயே கண்டுங் கேட்டும் அறிந்தார். 1931ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர்க்கெனச் சங்கம் அமைத்ததும், 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையில் அட்டன் தொகுதி உறுப்பினராய் அவர்க்காகப் பேசியதும் அதன்பின் நிகழ்ந்தவை. முன்னே வினா, பின்னே தலைமை.

வினா முற்றுப்பெறாமையால் விளையுங் கேட்டுக்கு நமது ஊவா மாகாணமே சான்று. கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையில் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடிற்று. பாடசாலைக்குச் சென்றிருந்தமையால் உயிர் தப்பிய பிள்ளைகள் சிலர், மீண்டபோது பெற்றோரை இழந்தவராயினர். அவ்விடம் அபாயமானதெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆதலின், அறிவின்மையன்று அங்கு நேர்ந்த குறை. “இவ்விடத்தை விட்டகலுக” என்பது ஏவல். “அகன்று எங்கே செல்வீர்? அங்கு நிலமும் வீடும் உளவோ? செல்லவொட்டாது தடுப்பது யாது?” என்பன வினாக்கள். அவ்வினாக்களுக்கு விடை காணப்படுமுன்னரே மலை சரிந்தது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயலின் பெருமழையால் பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளைக் கண்டது.

நிலத்தில் வெடிப்புத் தோன்றுதல், மரங்கள் சாய்தல், புதிய ஊற்று எழுதல், ஊற்றுநீர் திடீரெனக் கலங்குதல் ஆகியன மண்சரிவின் முன்னறிகுறிகள். இவற்றை முதலிற் காண்பவர் அலுவலகத்தில் அமர்ந்திருப்பவரல்லர். நாள்தோறும் மலையேறிக் கொழுந்து பறிக்கும் பெண்களே. ஆதலின், நல்வினாவுக்கு இலக்கணம் மூன்று எனலாம்: அறிந்தவரிடம் கேட்டல், அவர் அஞ்சாது விடை பகரும் வண்ணம் கேட்டல், பெற்ற விடைவழிச் செயற்படல். கேட்டுவிட்டு வாளாவிருத்தல் கேளாமையினுந் தீது. அடுத்த முறை அவர் வாய் திறவார்.

யான் தோட்டப் பாடசாலையொன்றிற் கற்பித்த காலத்தில், அடைமழை நாளொன்றிலே மாணவியொருத்தி எழுந்து, “சேர், மலை சரிந்தால் நாங்கள் எந்தப் பக்கம் ஓடுவது?” என்றாள். பாடத்துக்குப் புறம்பானதெனக் கூறி அவளை அமரச் செய்தேன். உண்மை யாதெனின், விடை எனக்குத் தெரியாது. தெரியாதெனச் சொல்லுந் துணிவும் இல்லை. அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் வகுப்பில், “எனக்குத் தெரியாது, மழைநீர் எவ்வழி இறங்குகிறது என்று நீங்கள் சொல்லுங்கள்” என்றேன். கரும்பலகையில் அவர்கள் வரைந்த படத்தில், யான் அதுவரை அறியாத ஓடைகள் மூன்று இருந்தன. அவற்றுள் ஒன்று எங்கள் பாடசாலைக் கட்டடத்தின் பின்புறமாக இறங்கிற்று.

வினாவும் மாணவரை அமரச் செய்யாதிருத்தலே நாளைய தலைவரை ஆக்குதற்கு ஆசிரியர் செய்யத்தக்க முதற்பணியாகும்.