சூடு சொல்லும் வாட் கணக்கு

ஐந்து வாட்டைத் தாண்டாமல் உலகத்தோடு பேசுவது என்று ஹாம் வானொலிக்காரர்களில் ஒரு சாரார் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். ‘கியூஆர்பி’ என்று அதற்குப் பெயர். அந்த ஐந்து, ஐந்துதானா என்பதில்தான் சிக்கல். புகழ்பெற்ற ‘பேர்ட் 43’ மீட்டருக்கே முழு அளவில் 5 சதவீதப் பிழை உண்டு. அதில் 100 வாட்டுக்கான துண்டைச் செருகினால், முள் எங்கே நின்றாலும் 5 வாட் கூடவோ குறையவோ இருக்கலாம். ஐந்து வாட் காரருக்கு அதனால் என்ன பயன்?

நல்ல வேளையாக, இதை வீட்டு மேசையிலேயே சரியாக அளக்க முடியும். முதலில் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் 50 ஓம் ‘டம்மி லோடு’ மாட்ட வேண்டும். 2 வாட், 1000 ஓம் மெட்டல் ஆக்சைடு மின்தடைகள் இருபதை இணையாகப் பற்றவைத்தால் போதும். கம்பி சுற்றிய மின்தடை ஆகாது. அது சுருளாகி உயர் அதிர்வெண்ணைத் தடுக்கும்.

மல்டிமீட்டரின் ஏசி அளவு 14 மெகாஹெர்ட்ஸில் உதவாது. அதனால் ஒரு டையோடும் மின்தேக்கியும் சேர்த்து, அலையின் உச்ச வோல்ட்டை டிசியாக மாற்றி அளப்பார்கள். 5 வாட்டுக்கு உச்சம் 22.4 வோல்ட். சிலிக்கான் டையோடு சுமார் 0.6 வோல்ட்டை விழுங்கிவிடும். அதைத் திருப்பிக் கூட்டாவிட்டால் கணக்கு 4.7 வாட் என்று வரும். பெரிய பிழையில்லை. ஆனால் 10 மில்லிவாட்டில் உச்சமே 1 வோல்ட்தான். 0.6 போனால் மீட்டர் 1.6 மில்லிவாட் என்று சொல்லும்! போதாக்குறைக்கு, அலையின் வடிவம் கெட்டாலும் உச்சம் ஏமாற்றும்.

சூடு ஏமாற்றாது. மின்தடையில் இறங்கும் ஆற்றல் எந்த அதிர்வெண்ணில் வந்தாலும் வெப்பமாகத்தான் முடியும். ஒரே மாதிரியான இரண்டு டம்மி லோடுகளைக் காற்று படாத பெட்டிகளில் வைத்து, ஒவ்வொன்றிலும் சூட்டை உணரும் ஒரு தெர்மிஸ்டரை ஒட்டுங்கள். ஒன்றுக்கு டிரான்ஸ்மிட்டர், இன்னொன்றுக்கு டிசி. இரண்டின் வெப்பமும் ஏறி நிலைத்து, சமமாகும் வரை டிசியைக் கூட்டிக் குறைக்க வேண்டும். சமமானதும் டிசியின் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் அதுதான் வாட். 15.8 வோல்ட், 0.316 ஆம்பியர் என்றால் 5 வாட். பிறகு இரண்டையும் இடம் மாற்றி இணைத்து மறுபடி அளந்து சராசரி எடுத்தால், லோடுகளுக்கு இடையிலுள்ள சிறு வேறுபாடும் பெரும்பாலும் கழிந்துவிடும். ரேடியோ ஆற்றலுக்கு டிசியை ஈடு வைக்கும் இந்த முறைதான் ஹெவ்லெட் பேக்கர்டின் 432 மீட்டரிலும் இருந்தது. விலை உயர்ந்த ஆய்வகக் கருவியின் அடிப்படை ஒரு சாதாரண மேசைக்கு வந்து சேர்வது உண்மையிலேயே மகிழ்ச்சி தரும் விஷயம்.

ஒவ்வொரு முறையும் சூடு நிலைக்கும்வரை காத்திருக்க முடியாதே? அதற்கு, ரேடியோ ஆற்றலை டெசிபல் கணக்கில் உடனே வோல்ட்டாகக் காட்டும் ஏடி8307 சிப் இருக்கிறது. 2001இல் வெஸ் ஹேவர்டும் பாப் லார்கினும் ‘கியூஎஸ்டி’ இதழில் இதை வைத்து ஓர் எளிய பவர் மீட்டரை வெளியிட்டார்கள். டெசிபலுக்கு 25 மில்லிவோல்ட் வீதம் இதன் வெளியீடு ஏறும். 40 டெசிபல் குறைத்துக் கொடுத்தால் 5 வாட்டுக்குச் சுமார் 2 வோல்ட் காட்டும். சிப்புக்குச் சிப் சற்று மாறும் என்பதால், சூட்டில் உறுதிசெய்த 5 வாட்டை முதல் குறியாக வைத்துக்கொண்டு, இடையில் 10 டெசிபல் குறைக்கும் அட்டெனுவேட்டரைச் செருகிப் பார்க்க வேண்டும். வெளியீடு எத்தனை மில்லிவோல்ட் இறங்கியதோ அதைப் பத்தால் வகுத்தால், கையிலிருக்கும் சிப்பின் சரியான டெசிபல் கணக்கு கிடைத்துவிடும்.